இருபத்தாறாவது பாட்டில்

போன வாரம் எங்கே விட்டோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். புதிதாக வந்து உட்கார்ந்தவர்கள் பேந்தப் பேந்த முழிக்கக் கூடாது பாருங்கள்.

நம்ம மழைக்காரிக்கும் அவளுடைய அண்ணனுக்கும் ஏழு வாரமாகப் பேச்சு இல்லை. மழைக்காரி என்பது வேலையால் ஒட்டிக்கொண்ட பெயர். நகரத்துக்குள் ஆறு இடம், வெளியே பதினாலு இடம் என்று மொத்தம் இருபது இடங்களில் கம்பம் நட்டு, மேலே ஒரு புனல், கீழே கறுப்பு உறை போட்ட பாட்டில் என்று வைத்திருக்கிறாள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பாட்டிலைக் கழற்றி லேபுக்குக் கொண்டுபோவாள். வண்டிப் புகையிலிருந்தும், மாட்டுத் தொழுவத்திலிருந்தும், வயலில் போடும் உரத்திலிருந்தும் காற்றில் ஏறுகிற நைட்ரஜன் மழையோடும் தூசியோடும் திரும்பக் கீழே இறங்குகிறது. எந்த இடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று ஒரு வருஷம் அளக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் வேலை.

அந்தப் பதினாலில் ஒன்று அண்ணன் வீட்டு முற்றம். அண்ணன் நாற்பத்திரண்டு மாடு வைத்துப் பால் பண்ணை நடத்துகிறவர். "என் தங்கச்சி புனல் என் வீட்டுல இல்லாம வேற எவன் வீட்டுல நிக்கும்?" என்று அவரே குழி தோண்டிக் கம்பம் நட்டார்.

சனி பிடித்தது ஏழு வாரத்துக்கு முந்தைய குடும்பச் சாப்பாட்டில்தான். இருபது சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, யாரோ ஒரு சித்தப்பா, "கிராமத்துக் காத்து கிராமத்துக் காத்துதான்" என்று ஆரம்பித்தார். மழைக்காரிக்கு வாய் சும்மா இருக்குமா? "அதெல்லாம் இல்ல சித்தப்பா. நாலு ரோடு சந்திக்கிற இடத்துல ஒரு ஹெக்டேருக்கு வருஷத்துக்குப் பதினாலு கிலோ நைட்ரஜன் இறங்குது. அண்ணன் வீட்டு வாசல்ல முப்பத்தொரு கிலோ!" என்றாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் தட்டோடு எழுந்து போனார். போகும்போது ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "அந்த நம்பர் பொய்னு எழுதிக் குடுத்துட்டு அப்புறம் அண்ணான்னு கூப்பிடு."

நம்பரை எப்படிப் பொய் என்று எழுதுவது? அவள் எழுதவில்லை. அவரும் பேசவில்லை. அவள் பாட்டில் எடுக்க வரும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் கொல்லைப்புறம் போய்விடுவார். கதை இங்கேதான் நிற்கிறது.

இனி இன்றைக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை. மழைக்காரி ஐஸ் பெட்டியில் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் கணக்கு வாத்தியார். பக்கத்தில் நின்று டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குத்தானே அண்ணன் வீட்டு முறை?"

"நாளைக்குச் சாயங்காலம் ரிப்போர்ட் மேல போகுது. லேப்ல பெரிய மேடம் இன்னிக்கே எடுத்துட்டு வரச் சொல்லிட்டாங்க. இருபத்தாறாவது பாட்டில். இதோட ஒரு வருஷம் முடிஞ்சுது."

"முடிஞ்சதுனு சந்தோஷமா சொல்ல வேண்டியதுதானே? மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?"

அவள் பெட்டியை மூடி அதன் மேலேயே உட்கார்ந்தாள். "ரிப்போர்ட்ல அவர் இடம்தாங்க முதல் வரி. இருபது இடத்துலயும் அதிகம் அதான். நாளைக்கு அது அச்சுல வந்துட்டா அப்புறம் அண்ணன் ஜென்மத்துக்கும் என்கூடப் பேச மாட்டார். எனக்கு ஒரே அண்ணன்."

வாத்தியார் டீயைக் கீழே வைத்தார். வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் ஒரு கடி ஜோக் அடிப்பார். இன்றைக்கு அடிக்கவில்லை. "நம்பர் சரியா?" என்று மட்டும் கேட்டார்.

"இருபத்தஞ்சு தடவை அளந்திருக்கேன்."

"அப்ப நீ என்ன பண்ணுவ? போய்ட்டு வா. ஆனா இன்னிக்கு ஒருநாள் வாயைக் கொஞ்சம் கட்டி வை."

"என் வாயைப் பத்தி உங்களுக்கு என்ன?" என்று முறைத்தாலும் அவளுக்கு உள்ளே கொஞ்சம் தெம்பு வந்தது. நல்ல மனுஷன்தான், ஜோக் அடிக்காத நாட்களில்.

லேப் வேன் ஒன்றரை மணி நேரம் ஓடியது. வரப்போகிறேன் என்று அவள் அண்ணிக்குப் போன் போட்டிருக்கலாம். போடவில்லை. போன் போட்டால் அண்ணன் காதுக்குப் போகும், அவர் கொல்லைப்புறத்தையும் தாண்டி எங்கேயாவது போய்விடுவார் என்று பயம்.

பண்ணைக் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

முற்றத்தில் அண்ணி. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கையில் மெல்லிய துணி, இன்னொரு கையில் கண்ணாடி துடைக்கிற நீல ஸ்ப்ரே. புனலுக்குள் புஸ் புஸ் என்று நாலு தடவை அடித்தாள். அடித்ததில் பாதி வழிந்து பாட்டிலுக்குள் இறங்கியது. மிச்சத்தைச் சுற்றிச் சுற்றித் துடைத்தாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்து, திருப்தி இல்லாமல் இன்னும் இரண்டு தடவை அடித்தாள்.

"அண்ணி!"

அண்ணி திடுக்கிட்டுத் திரும்பினாள். "ஐயய்யோ, நாத்தனாரே! நாளைக்குத்தானே வருவ? வீடு போட்டது போட்டபடி கெடக்கு!"

"அண்ணி, என்ன பண்றீங்க?"

"பார்த்தா தெரியல? நீ வர்றதுக்கு மொத நாள் தொடச்சு வைப்பேன். ஆபீஸ்ல இருந்து வர்ற பொருள் ஆச்சே. தூசியும் குருவி எச்சமுமா இருந்தா, 'அண்ணி வீட்டுல கவனிப்பே இல்ல'னு உங்க ஆளுங்க நெனைக்க மாட்டாங்களா?"

"எத்தனை நாளா அண்ணி?"

"இது என்ன கேள்வி? கம்பம் நட்டதுல இருந்துதான். ஒரு தடவை கூட விட்டது இல்ல." அண்ணி முகத்தில் பெருமை பொங்கியது. பிறகு யோசித்து, "இல்ல, இல்ல. எங்க அக்கா பிரசவத்துக்குப் போயிருந்தப்ப ஒரு மாசம் விட்டுப் போச்சு. அதுக்கு மன்னிச்சுக்கோ" என்றாள்.

ஒரு மாசம் என்றால் இரண்டு பாட்டில். பதினஞ்சாவதும் பதினாறாவதும். அந்த இரண்டிலும் அளவு தடாலென்று கீழே விழுந்து ஒன்பது கிலோ கணக்குக்கு வந்திருந்தது மழைக்காரிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவளும் பெரிய மேடமும் உட்கார்ந்து மண்டையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் 'காற்றின் திசை மாறியிருக்கலாம்' என்று எழுதினார்கள். காற்று எங்கேயும் போகவில்லை. அண்ணிதான் போயிருந்தாள்.

அவள் அந்த ஸ்ப்ரே பாட்டிலை வாங்கிப் பின்பக்கம் திருப்பினாள். எறும்பு எழுத்தில் என்னென்னவோ இருந்தது. நாலாவது வரியில் அம்மோனியா இருந்தது. அம்மோனியா என்றால் நைட்ரஜன்தான். அதைத்தான் ஒரு வருஷமாக இந்த முற்றத்தில் வானத்திலிருந்து இறங்குகிறது என்று அளந்துகொண்டிருந்தாள்.

"கம்பத்துல 'தொட வேண்டாம்'னு அட்டை ஒட்டியிருக்கேனே அண்ணி."

"நான் எங்க தொட்டேன்? என் கை படவே இல்லையே. துணிதான் பட்டுச்சு."

மழைக்காரி கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு எங்கேயோ போய் அழுகையில் முடிந்தது. அண்ணிக்குக் கை கால் ஓடவில்லை. "என்னடி ஆச்சு? நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?" என்று துணியைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள்.

அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அண்ணியின் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"அப்ப அந்த முப்பத்தொண்ணு?"

"அதுல எவ்வளவு வானம், எவ்வளவு நீங்கன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது."

"ஐயோ பாவி நான்! ஏழு வாரமா அந்த மனுஷன் சரியா சாப்பிடறது இல்ல. உன் பேரை எடுத்தாலே எழுந்து போயிடறாரு. எல்லாத்துக்கும் நானா காரணம்? வேணும்னா ஒண்ணு பண்ணு. யாருக்கும் தெரிய வேணாம். அந்த ரெண்டு நல்ல பாட்டில் இருக்கே, அதை வச்சே எழுதிடேன். ஒன்பதுனு போட்டா உங்க அண்ணனும் சந்தோஷமாயிடுவாரு, நானும் தப்பிச்சேன்."

அண்ணி சொன்னதில் தப்பு எண்ணமே இல்லை. ஆசையாகத்தான் சொன்னாள். மழைக்காரிக்கும் ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. பொய்கூட இல்லையே, அளந்த நம்பர்தானே! ஆனால் ஒரு மாசத்தை வைத்து ஒரு வருஷத்தைச் சொல்வது எப்படி? அதைவிட, இருபது பேர் முன்னால் அடித்துச் சொன்னவள் இப்போது சத்தமில்லாமல் மாற்றி எழுதினால் அவளுக்கே அவள் மேல் மரியாதை போய்விடும். அவள் பெரிய மேடத்துக்குப் போன் போட்டாள்.

பெரிய மேடம் முழுவதையும் கேட்டார். கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தவில்லை.

"சரி, அந்த இடம் ரிப்போர்ட்ல வேணாம். எடுத்துடறேன்" என்றார். "தப்பு என் பேர்லயும் இருக்கு. காத்து திசைனு கையெழுத்துப் போட்டது நான்தானே?" பிறகு, "ஏம்மா, மத்த பதிமூணு வீட்டுல என்னென்ன நடக்குது?" என்று கேட்டார்.

"ஒவ்வொரு வீடா போன் போட்டுக் கேக்கறேன்" என்று மேடம் வைத்துவிட்டார்.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவரு கொட்டகையில இருக்காரு. நான் வந்து சொல்லட்டுமா?" என்றாள்.

"வேணாம் அண்ணி. சத்தம் போட்டுச் சொன்னது நான். நானே போறேன்."

கொட்டகையில் அண்ணன் பால் கறக்கிற மிஷினின் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். தங்கை வருவதைப் பார்த்ததும் வழக்கம் போலப் பின்வாசல் பக்கம் பார்த்தார். ஆனால் கை இரண்டும் சோப்பு நுரையில் இருந்தது. தப்பிக்க வழி இல்லை.

"அண்ணா, நான் சொன்ன நம்பர் தப்பு."

அண்ணன் நிமிராமல் அடுத்த குழாயைக் கழுவினார்.

"அண்ணி பாவம், நல்லது பண்றதா நெனச்சு ஸ்ப்ரே அடிச்சுப் புனலைத் தொடச்சிருக்காங்க. அதுல அம்மோனியா இருக்கு. அது கலந்துதான் எல்லாம் ஏறிடுச்சு. ரிப்போர்ட்ல இருந்து உங்க இடத்தை எடுத்தாச்சு. இருபது பேர் முன்னாடி நான் உங்களைத் தலை குனிய வச்சேன். அதே இருபது பேர்கிட்டயும் நானே போய்த் தப்புன்னு சொல்லிடறேன்."

இதைக் கேட்டு மனுஷன் குதிக்க வேண்டாமா? ஏழு வாரம் வீம்பாக இருந்து ஜெயித்திருக்கிறாரே! அண்ணன் குழாயைக் கீழே வைத்தார், கையை உதறினார், கவிழ்த்து வைத்திருந்த பால் கேனில் உட்கார்ந்தார்.

"எவ்ளோ தப்பு?" என்று கேட்டார்.

"தெரியலைண்ணா. அதுல பாதி தப்பா இருக்கலாம். முக்கால்வாசியும் இருக்கலாம்."

"மொத்தமும் தப்புனு சொல்ல முடியாதா?"

"முடியாது."

அண்ணன் தலையை ஆட்டினார். அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. மேடம். எடுக்கிற அவசரத்தில் அவள் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள்.

"ஏழாம் நம்பர் வீட்டுக்குப் பேசினேன்" என்றது மேடத்தின் குரல், அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல். "அதான்மா, இருக்கிறதுலயே சுத்தமான இடம்னு நாம பாராட்டி எழுதினோமே, அந்த வீடு. மழை வந்தா புனல் நனைஞ்சு வீணாப் போயிடும்னு அந்தப் பெரியவர் ஓடிப் போய் பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுவாராம். மழை விட்டதும் எடுத்துடுவாராம். 'பத்திரமா பார்த்துக்கறேன் மேடம், ஒரு சொட்டு படல'னு சொல்றாரு!"

அண்ணன்தான் முதலில் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணி வர, "மழை பிடிக்கிற புனலை மழையில நனைய விடல!" என்று தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். மழைக்காரியும் சிரித்தாள். அவள் வேலையில் பாதி இப்போது கேள்விக்குறி ஆகிவிட்டது. நாளைக்கு மிச்சப் பன்னிரண்டு வீட்டிலிருந்து என்ன பூதம் கிளம்புமோ தெரியாது. ஆனாலும் அண்ணன் சிரிக்கிறாரே! அந்தச் சிரிப்பைக் கேட்டு ஏழு வாரம் ஆகியிருந்தது. அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

சிரித்து ஓய்ந்ததும் அண்ணன் சட்டையில் முகத்தைத் துடைத்தார்.

"நான் எதுக்குக் கோவப்பட்டேன்னு நெனைக்கற?"

"நம்பர் பொய்னுதானே சொன்னீங்க?"

"சொன்னேன்." அவர் கொட்டகைக் கதவைக் காட்டினார். "ராத்திரி குளிருக்கு இதை இழுத்துச் சாத்திடறோம். காலையில திறந்தா மாட்டு மூத்திர நெடியில கண்ணு எரியும். சும்மா இல்ல, தாங்காது. அஞ்சு நிமிஷம் வெளிய நின்னுட்டுத்தான் உள்ள வருவேன். ரெண்டு வருஷமா இப்படித்தான். மாடும் இருமுது. உங்க அண்ணிகிட்டகூடச் சொல்லல. அன்னிக்கு நீ நம்பர் சொன்னப்ப எனக்குப் பொய்னு தோணவே இல்ல. எனக்குத் தெரிஞ்சே நான் மூடி வச்சிருந்ததை நீ எல்லார் முன்னாடியும் திறந்துட்டியேன்னுதான் இருந்துது."

நம்பர் சரியா தப்பா என்று மட்டுமே ஏழு வாரமாக அவள் யோசித்திருந்தாள். அதை யாருக்கு முன்னால் சொன்னோம் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"மறுபடியும் அந்தக் கம்பத்துல வை" என்றார் அண்ணன். "உங்க அண்ணியை நான் பார்த்துக்கறேன். இங்க உள்ளயும் ஒண்ணு வை."

"உள்ள மழை வராதேண்ணா."

"வேற எதுவும் இல்லையா உங்ககிட்ட?"

இருந்தது. நாலு ரோடு சந்திப்பில் மாட்டுவதற்கு என்று பையில் வைத்திருந்த ஒரு சின்னக் குழாய். விரல் நீளம்தான் இருக்கும். உள்ளே மருந்து தோய்த்த தாள் காற்றில் இருக்கும் அம்மோனியாவை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மாசம் தொங்கினால் போதும்.

"இதைத் தொடைக்க முடியாது, மூட முடியாது" என்றாள். "உயரத்துல மாட்டணும்."

அண்ணன் உள்ளே போய் ஏணியைத் தூக்கி வந்து உத்தரத்தில் சாத்தினார். அவள் ஏறினாள். அவர் கீழே இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார். அவள் கம்பி சுற்றிக் குழாயைக் கட்டி, மூடியைத் திறந்து, தேதியும் நேரமும் எழுதினாள்.

"ஒரு மாசத்துல என்ன வரும்?" என்று கீழேயிருந்து கேட்டார்.

"தெரியலைண்ணா. எது வந்தாலும் அதைத்தான் சொல்வேன். குறைச்சுச் சொல்ல மாட்டேன்."

"குறைச்சுச் சொல்லச் சொல்லல." அண்ணன் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "யார்கிட்ட சொல்வ?"

மழைக்காரி உத்தரத்தைப் பிடித்தபடி குனிந்து அவரைப் பார்த்தாள்.

"முதல்ல உங்ககிட்ட" என்றாள். "கொட்டகைக்கு வெளிய நிப்பீங்களே, அந்த அஞ்சு நிமிஷத்துல. நம்ம ரெண்டு பேர் மட்டும்."

"சரி, இறங்கு" என்றார் அண்ணன். "பார்த்து."